நூற்றுக்கு ஆறு

1

இந்தக் கதை ஒரு பஸ் நின்றதால் வந்தது.

பெரம்பலூரில் குடியிருக்கிறவனுக்கு ரயில் வேண்டுமென்றால் அரியலூருக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாள், அரியலூர் எட்டிப் பார்க்கிற தூரத்தில் ஒருவர் சிவப்புக் கொடியை நீட்டி பஸ்ஸை மறித்தார். பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் வெடி போடுகிறார்கள். சங்கு ஊதியது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார். தரை ஒரு உதறு உதறியது, வெள்ளையாகத் தூசி கிளம்பியது, கொஞ்ச நேரத்தில் இரண்டாவது சங்கு ஊதியது. கொடி இறங்கியது, பஸ் கிளம்பியது. இவ்வளவுக்கும் நடுவில் பின் சீட்டில் நடந்துகொண்டிருந்த சம்பந்திச் சண்டை ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

(வெளியூர்க்காரர்களுக்கு: முதல் சங்கு ஊதினால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது ஊதினால் வெளியே வரலாம். மைன்ஸை ஒட்டிய ஊர்களில் நடை பழகும் குழந்தைக்கே இது தெரியும்.)

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் என்ன வேலை என்று கேட்டேன்.

"எரிமலை எப்ப வெடிக்கும்னு பாக்குற வேலைங்க."

கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். கடலில் ஒரு தீவாம், அதில் ரொம்ப காலமாக வெடிக்காத மலை ஒன்றாம். "சரி, எப்பங்க வெடிக்கும்?" என்றேன். சிரித்துக்கொண்டே, "அதைத்தாங்க எல்லாரும் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. அந்தத் தீவு எது என்று தேட வேண்டாம், அதையும் நான்தான் கடலில் போட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

வங்கக் கடலின் நடுவே, பல நூறு ஆண்டுகளாக அந்த மலை ஆழ்ந்து உறங்கிக்கொண்டி

[விட்டுவிட்டேன். உறங்கும் எரிமலை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. உறங்குகிறது என்றால் எழுந்திருக்கும் என்று ஆகிவிடுகிறது. முதல் வரியிலேயே முடிவைச் சொன்ன மாதிரி.]

இரண்டாவது:

அன்று காலை, நிலநடுக்கக் கருவியின் ஊசி துள்ளியபோது பிரவீணாவின் நெஞ்சு படபட

[இதையும் விட்டேன். ஊசியெல்லாம் இப்போது ஏது? கம்ப்யூட்டர் திரைதான். நெஞ்சு படபடக்கப் பார்க்கிற வேலையும் அல்ல அது. டீயைக் குடித்துக்கொண்டு, வருஷக்கணக்காக, ஒன்றும் நடக்காததைப் பார்க்கிற வேலை.]

மூன்றாவதில் சமாதானமாகிவிட்டேன். கீழே இருக்கிறது.

3

பிரவீணா காதுகுத்துக்கு ஊருக்கு வந்தாள்.

தம்பி பிரேம்குமாரின் மகளுக்குக் காதுகுத்து. ஒரே அத்தை இவள்தான், வராமல் இருக்க முடியாது. மைன்ஸை ஒட்டிய அந்த ஊரில், அவளுடைய அப்பா செல்லக்கண்ணு மைன்ஸ் சம்பளத்தில் கட்டிய மெத்தை வீடு. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். செல்லக்கண்ணு மைன்ஸில் வெடி போடும் ஆட்களோடு சேர்ந்து ரிட்டயர் ஆகும்வரை அதே வேலையில் இருந்தார். மகள் பாறைகளைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். மகன் அரசாங்க வேலையில், கலங்கரை விளக்கத்தில் இருக்கிறான்.

அந்தக் கலங்கரை விளக்கம் இருப்பது பிரவீணா பார்க்கும் தீவில். அந்த மலையின் அடிவாரத்தில்.

சில மாதங்களாக மலைக்கடியில் சின்னச் சின்ன அதிர்வுகள். தீவில் இருப்பவர்களுக்குத் தெரியாது, கருவிக்கு மட்டும் தெரியும். ஒரு பக்கம் தரை விரல் நுனி அளவு உப்பியிருக்கிறது. இப்படி ஆன மலைகளில் பெரும்பாலானவை அப்படியே அடங்கிவிடும். சில அடங்குவதில்லை. பழைய சாம்பல் படிவுகளையும் மற்ற மலைகளின் கதைகளையும் வைத்துக்கொண்டு பிரவீணாவும் அவளோடு இருப்பவர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் வெடிப்பதற்கு நூற்றுக்கு ஆறு.

அறிக்கை மேலே போனது, இணையத்திலும் போட்டார்கள். மலையின் எச்சரிக்கை நிறத்தைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினார்கள். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். ஆட்களைக் கூப்பிட்டுக்கொள்ளும் நிறம் வேறு.

பிரேம்குமாரின் லீவு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில். அடுத்த டூட்டி மூன்று மாதம்.

4

[இந்த இடத்தில் நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அக்கா கணக்குப் பார்க்கிற அதே மலையில் தம்பிக்கு வேலை. உலகத்தில் வேறு மலையே இல்லையா?

நானும் இதில் தலையைச் சொறிந்தேன். தம்பியைப் பக்கத்துத் தீவில் போட்டுப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது. அப்புறம்தான் வழி தெரிந்தது. இது தற்செயல் இல்லை. கருவி வைக்கத் தீவுக்குப் போன பிரவீணாதான் அங்கே ஆள் குறைவு என்று கேள்விப்பட்டு, "எழுதிப் போடுடா" என்று தம்பியிடம் சொன்னாள். அவன் அப்போது பெரம்பலூரில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தான். வேலை கிடைத்ததும் வீடே தெருவுக்கெல்லாம் கேசரி கொடுத்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த முறை போக மறுத்தால் வேலை போய்விடும்.

இப்போது சரியாக இருக்கிறது. அவளுக்குத்தான் சரியாக இல்லை.]

5

காதுகுத்துக்கு மறுநாள் மத்தியானம். மிச்சம் இருந்த கறிக்குழம்பைச் சுட வைத்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியது. பிரேம்குமாரின் மனைவி இலக்கியா அவசரமே இல்லாமல் எழுந்து, வாசலில் மண்ணை அளைந்துகொண்டிருந்த மகளைத் தூக்கி வந்து உள்ளே விட்டாள். தரை உதறியது. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. இரண்டாவது சங்கு ஊதியதும் பிள்ளையைத் திரும்ப வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சோற்றைப் பிசைந்தாள்.

செல்லக்கண்ணு நல்ல குஷியில் இருந்தார்.

"நேத்து விசேஷத்துல வரதராஜன்பேட்டை அரியமுத்து கேக்குறான். ஏம்ப்பா, எரிமலை இருக்குற தீவுக்குப் பையனை அனுப்பிட்டு எப்புடிப்பா நிம்மதியா இருக்கேங்குறான். நான் சொன்னேன், அட போடா, அந்த மலைக்குக் காவலே எம் பொண்ணுதான். பாப்பா வாயத் தொறக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். எங்க மைன்ஸ்ல சங்கு ஊதாம என்னிக்காவது வெடி போட்டுருக்கமா?"

"நானும் அதைத்தான் மாமா எங்கம்மாகிட்ட சொன்னேன்," என்றாள் இலக்கியா. "அண்ணி இருக்காங்க, எனக்கு என்ன பயம்னு."

எல்லோரும் சிரித்தார்கள். பிரவீணாவும் சிரித்தாள். அப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அப்பா சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அதை இந்த ஊரில்தான் செய்ய முடியும். மைன்ஸில் சங்கு ஊதுகிறவர்களும் வெடி போடுகிறவர்களும் ஒரே ஆட்கள். அவர்கள் முடிவு செய்தால்தான் வெடிக்கும். அதனால் சங்கு ஊதாத நேரம் நிஜமாகவே பத்திரமான நேரம். பிள்ளையை மண்ணில் விடலாம். மலையை யாரும் வெடிக்க வைப்பதில்லை. அங்கே சத்தம் இல்லை என்றால் சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். தன்னை இந்த வீடு சங்காக வைத்திருக்கிறது என்பதுதான் தெரியாது. போன தடவை ஊருக்கு வந்தபோதும், போனில் பேசும்போதெல்லாமும், வேலையைப் பற்றி எதற்குப் பேசி இவர்களைப் பயமுறுத்துவது என்று குழம்பையும் வெயிலையும் பற்றிப் பேசிவிட்டு வைத்திருக்கிறாள். அவள் சொல்லாத கணிப்பு ஒன்று இத்தனை நாளும் இந்த வீட்டில் நடப்பில் இருந்திருக்கிறது. நூற்றுக்குப் பூஜ்யம். அதை நம்பி ஒருத்தி தூங்கியிருக்கிறாள்.

பிரவீணாவுக்கு அழுகை வந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள்.

6

இதுவரை எழுதியதைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் சாமிதுரையிடம் காட்டினேன். வாடிக்கையாளர்களின் ஆதார் அட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வெடிக்குமா வெடிக்காதா?"

"அதுதான் தெரியாது. நூத்துக்கு ஆறு."

"யோவ், அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. உனக்கு எப்புடிய்யா தெரியாம போகும்? எழுதுறது நீதானே?"

"வெடிக்கலன்னா?"

"வெடிக்கலன்னா எதுக்கு எரிமலைங்குற? சும்மா மலைன்னு போட்டுட்டுப் போ."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதையில் எரிமலை என்று ஒரு சொல் வந்துவிட்டால் அது வெடிக்கக் கடமைப்பட்டது. அதன் அடியில் தம்பியைக் கொண்டுபோய் வைத்து, தம்பிக்குக் கைக்குழந்தையையும் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கொஞ்சம் விவரமான வாசகர் என்றால், எல்லோரும் வெடிக்கும் என்று நினைப்பதால் இவன் வெடிக்க விடமாட்டான் என்று கணக்குப் போடுவார். எப்படிப் பார்த்தாலும் கதைக்குள் இரண்டே எண்கள்தான் செல்லுபடியாகும், நூறு அல்லது பூஜ்யம். ஆறு என்ற எண்ணுக்குக் கதையில் இடமே இல்லை.

பிரவீணா வாழ்க்கை முழுக்கப் பார்த்து உழைத்துக் கண்டுபிடித்தது அந்த ஆறு. மலை வெடித்தாலும் அவள் சொன்னது தப்பாகாது, வெடிக்காவிட்டாலும் தப்பாகாது. வெடித்தால் தம்பி இருக்க மாட்டான், அது வேறு விஷயம். அவள் எண்ணை எடுத்துக்கொண்டு என் சௌகரியத்துக்கு நூறாகவோ பூஜ்யமாகவோ மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதையில் ஆறு ஆறாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். எப்படி என்று இந்த வரியை எழுதும்போது எனக்குத் தெரியாது.

7

சனிக்கிழமை மத்தியானம் அவள் சொல்லிவிட்டாள்.

பிரேம்குமார் பையை அடுக்கிக்கொண்டிருந்தான். இலக்கியா முறுக்கைப் பாலிதீன் கவரில் போட்டு மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். செல்லக்கண்ணு நாற்காலியில் பேத்தியை மடியில் வைத்திருந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் பிரவீணா. "மலை கொஞ்ச நாளா அசையுது. இவன் டூட்டி முடியுறதுக்குள்ள வெடிக்க வாய்ப்பு நூத்துக்கு ஆறு."

[இந்த வசனத்தை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். பூசி மெழுகி, முன்னுரை வைத்து, அழுதுகொண்டே. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் இப்படித்தான் சொல்லியிருப்பாள்.]

முதலில் பேசியது அப்பா. "எந்தத் தேதி?"

"தேதியெல்லாம் கிடையாதுப்பா."

"தேதி இல்லாம என்ன பாப்பா கணக்கு? வெடின்னா நேரம் இருக்கணும்ல?"

"நம்ம போடுற வெடிக்குத்தான்ப்பா நேரம் இருக்கும். இது யாரும் போடுறது இல்ல."

அவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. பேத்தியின் காதில் புதுத் தோட்டைச் சுற்றி மஞ்சள் காய்ந்திருந்ததை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேம்குமார் சிரிக்கப் பார்த்தான். "ஆறுதானேக்கா? சிமெண்ட் லாரிக்கு நடுவுல பைக்ல பெரம்பலூர் போயிட்டு வரேன், அதைவிடவா இது?"

"பைக்குல ஆபத்து ரொம்ப ரொம்பக் கம்மிடா. நான் போட்டுப் பாத்துட்டேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப போகாதங்குறியா?"

போகாதே என்று சொல்லத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் இந்த வீட்டில் அது சங்கு. ஆறு உடனே நூறாகிவிடும். அவன் போக மாட்டான், வேலை போய்விடும், மலையும் அநேகமாக ஒன்றும் செய்யாது.

"அக்காவாக் கேட்டா, போகாத. வேலை பாக்குறவளாக் கேட்டா, நூத்துக்கு ஆறு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதுடா. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

இலக்கியா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"அப்ப இத்தன நாளா நீங்க ஒண்ணும் சொல்லாம இருந்தீங்களே அண்ணி, அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம் ஒண்ணும் இல்ல இலக்கியா. சும்மா இருந்தேன்."

"நான் உங்களை வச்சுத்தான் தூங்குனேன்."

பிரவீணா ஒட்டிய முறுக்குக் கவரை எடுத்துப் பைக்குள் வைத்தாள். நானும் எழுதிப் பார்த்துவிட்டேன், இதற்குப் பதில் கிடையாது.

இலக்கியாவே மறுபடி கேட்டாள். "ஆறு எத்தனை ஆனா இவரை நான் வந்துடச் சொல்லணும்?"

"அதை எந்தக் கணக்குலயும் எடுக்க முடியாது. நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும்."

"அவரை விடுங்க. அவரு தொண்ணூறு ஆனாலும் இருப்பாரு." இலக்கியா சுவரைப் பார்த்து ஏதோ யோசித்தாள். "சரி. நான் ஒரு நம்பரை மனசுல வச்சிருக்கேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க தினம் சாயங்காலம் எனக்கு போன் பண்ணி அன்னிக்கு எவ்வளவுன்னு சொல்லணும். கூடுனாலும் கொறைஞ்சாலும். பயந்துடுவான்னு குறைச்சுச் சொல்லக் கூடாது."

"சொல்றேன்."

"பிள்ள மேல சத்தியம் பண்ணுங்க."

அறிவியல் படித்தவள், சத்தியத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவள், குழந்தையின் தலையில் கை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டியில் பிரேம்குமார் கிளம்பினான். போவதா வேண்டாமா என்று அவனும் இலக்கியாவும் தனியாகப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

8

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ) வெடிக்கிறது. சாமிதுரைக்குப் பிடித்த முடிவு. கடலிலிருந்து சாம்பல் எழும்பும் காட்சியை நன்றாகவே எழுதியிருந்தேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கடைசி வரியில் செல்லக்கண்ணு வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். கிழித்துவிட்டேன். ஒரு நல்ல பத்திக்காக ஒருவனைக் கொன்ற மாதிரி இருந்தது.

ஆ) வெடிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து கறுத்துப்போய்த் திரும்பி வருகிறான், பிள்ளை அடையாளம் தெரியாமல் அழுகிறது. நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்ததும் நீங்கள், 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பெண் வீணாகப் பயமுறுத்திவிட்டாள்' என்று நினைப்பீர்கள். பிரவீணாவுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் வேண்டாம்.

இ) பாதியில் இலக்கியா அவனைக் கூப்பிட்டுக்கொள்கிறாள். அவன் வேலையை விட்டுவிட்டு வருகிறான். மலை ஒன்றும் செய்யவில்லை. பழைய செல்போன் கடையிலேயே மறுபடி நிற்கிறான். யாரும் யாரையும் திட்டவில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கு அதிகம் வலித்தது, அதனால் பாதியில் நிறு

9

இப்போது கதை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தினமும் சாயங்காலம் பிரவீணா ஆபீஸ் வாசலில் நின்று போன் செய்கிறாள். முதல் சில நாள் இலக்கியா முதல் மணியிலேயே போனை எடுத்தாள். அப்புறம் பழகிவிட்டது. "இன்னிக்கு எவ்வளவு அண்ணி?" "ஆறுதான்." "சரி. சாப்டீங்களா?" ஒரு நாள் ஐந்தானது. இரண்டு நாள் எட்டு வரை போய் இறங்கியது. எட்டு என்று சொன்ன அன்று இலக்கியா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிரவீணா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "சரி, இன்னும் வரல" என்றாள் இலக்கியா. தன் மனதில் வைத்திருக்கும் எண் இன்னும் வரவில்லை என்கிறாள்.

அந்த எண் என்ன என்று எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அவளைப் படைத்தவன் என்ற முறையில் கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை.

பேச்சு சில நாள் அந்த எண்ணைத் தாண்டியும் போகிறது. பிள்ளைக்குப் பல் முளைத்தது, மாமா சர்க்கரை மாத்திரையை மறந்தது, பிரேம்குமார் போனில் பாடிக் காட்டியது. முன்பு நாத்தனாரும் தம்பி மனைவியும் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. அவர்கள் இருவரும் அந்த மலையின் அடியில் சேர்ந்து குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இன்று சாயங்காலமும் பிரவீணா வெளியே வந்தாள். கையில் இன்றைய கணக்கு இருக்கிறது. போன் அடிக்கிறது, இலக்கியா எடுத்துவிட்டாள். பின்னால் குழந்தை ஏதோ ஒரு பாத்திரத்தைத் தட்டும் சத்தம்.

"சொல்லுங்க அண்ணி. இன்னிக்கு எவ்வளவு?"

"நூத்துக்கு ………"

அந்த இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. நிரப்ப வேண்டியவர் நீங்கள்தான். எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் கதைக்கு எது நன்றாக இருக்கும் என்று யோசித்து எழுதாதீர்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாக ஒருத்தி நிற்கிறாள். நீங்கள் சொல்வதை அவள் அப்படியே நம்பப்போகிறாள்.